ஈவுத்தொகை எங்கே போகிறது? வளர்ச்சித் தெரிவுப் பரஸ்பர நிதிகளின் கணக்கு

எட்டாம் வகுப்பு ‘வாழ்வியல் கணிதம்’ பாடத்தில் தனிவட்டியையும் கூட்டு வட்டியையும் ஒப்பிடக் கற்பிக்கிறோம். ₹10,000-ஐ ஆண்டுக்கு 8 விழுக்காட்டில் மூன்று ஆண்டுகளுக்கு முதலீடு செய்தால் தனிவட்டி ₹2,400. கூட்டு வட்டி ₹2,597.12. வேறுபாடு ₹197.12. “இவ்வளவுதானா?” என்று மாணவர்கள் கேட்பதில் வியப்பில்லை. அதே கணக்கில் மூன்று என்பதை முப்பது என்று மாற்றிப் பார்க்கச் சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். தனிவட்டியில் தொகை ₹34,000. கூட்டு வட்டியில் ₹1,00,627.

முப்பது ஆண்டுகள் என்பது ஓர் ஆசிரியரின் பணிக்காலம். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பரஸ்பர நிதியில், அதாவது மியூச்சுவல் ஃபண்டில், போட்டு வரும் ஆசிரியர்கள் இன்று நம்மிடையே பலர். 2003 ஏப்ரல் 1-க்குப் பின் பணியில் சேர்ந்து பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வந்தவர்கள் தம் சொந்தச் சேமிப்பைப் பற்றிக் கூடுதலாகவே யோசிக்கிறார்கள். ஆனால், விண்ணப்பப் படிவத்தில் ஒரு சிறிய கட்டத்தில் இடும் குறி, நம் பணம் தனிவட்டி வழியில் போகிறதா, கூட்டு வட்டி வழியில் போகிறதா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. முகவரோ வங்கி ஊழியரோ நிரப்பிக் கொடுத்ததில் கையெழுத்து மட்டும் இடுகிறோம். அந்தக் கட்டம் என்ன, அதன் பின்னால் நடக்கும் கணக்கு என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஈவுத்தொகை என்றால் என்ன?

ஒரு நிறுவனம் ஆண்டு முழுவதும் தொழில் செய்து இலாபம் ஈட்டுகிறது. அந்த இலாபத்தில் ஒரு பகுதியைத் தொழிலை விரிவுபடுத்த வைத்துக்கொள்கிறது. இன்னொரு பகுதியைப் பங்குதாரர்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. இப்படிப் பகிர்வதே ஈவுத்தொகை. பேச்சு வழக்கில் ‘டிவிடெண்ட்’.

இங்கே ஓர் அடிப்படைச் செய்தியை மனத்தில் கொள்ள வேண்டும். ஈவுத்தொகை வானத்திலிருந்து விழும் பணம் அன்று. நிறுவனத்தின் கையிருப்பிலிருந்து வெளியே போகும் பணம் அது. எனவே, ஈவுத்தொகைக்கு உரிமையில்லாமல் பங்கு கைமாறத் தொடங்கும் நாளில், பங்கின் விலை ஏறத்தாழ அந்தத் தொகை அளவுக்குக் குறைகிறது. ₹500-க்கு விற்ற பங்கு ₹10 ஈவுத்தொகை கொடுத்தால், மற்ற காரணங்கள் எதுவும் இல்லாதபோது, அதன் விலை ₹490-ஐ ஒட்டி வரும். பங்குதாரரிடம் முன்பு ₹500 மதிப்புள்ள பங்கு இருந்தது. இப்போது ₹490 பங்கும் ₹10 ரொக்கமும் உள்ளன. மொத்தம் மாறவில்லை. சட்டையின் இடப்பையில் இருந்தது வலப்பைக்கு வந்திருக்கிறது, அவ்வளவே.

நிதிக்குள் நடப்பது என்ன?

பரஸ்பர நிதி என்பது ஆயிரக்கணக்கானவர்களின் பணத்தைத் திரட்டிப் பல நிறுவனங்களின் பங்குகளை வாங்கி வைத்திருக்கும் ஏற்பாடு. முதலீட்டாளருக்குக் கிடைப்பது பங்கு அன்று, ‘யூனிட்’. ஒரு யூனிட்டின் மதிப்பை நிகர சொத்து மதிப்பு (என்.ஏ.வி.) என்கிறோம். நிதியின் மொத்தச் சொத்தில் கொடுக்க வேண்டியவற்றைக் கழித்து, யூனிட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் இது கிடைக்கும். ஒவ்வொரு வேலைநாளும் இது கணக்கிடப்பட்டு வெளியிடப்படுகிறது.

ஒரு சிறிய நிதியைக் கற்பனை செய்வோம். அதில் 10 லட்சம் யூனிட்டுகள் உள்ளன. கணக்கு எளிதாக இருக்க, அது ஒரே நிறுவனத்தின் 1,00,000 பங்குகளை மட்டும் வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒரு பங்கின் விலை ₹198. பங்குகளின் மதிப்பு ₹1.98 கோடி. ரொக்கம் ₹2 லட்சம். மொத்தம் ₹2 கோடி. எனவே என்.ஏ.வி. ₹20.

இப்போது அந்த நிறுவனம் பங்குக்கு ₹3 ஈவுத்தொகை கொடுக்கிறது. நிதிக்கு ₹3 லட்சம் வருகிறது. பங்கின் விலை ₹195 ஆகிறது. பங்குகளின் மதிப்பு ₹1.95 கோடி, ரொக்கம் ₹5 லட்சம், மொத்தம் அதே ₹2 கோடி. என்.ஏ.வி. அன்றும் ₹20-தான். ஈவுத்தொகை வந்த நாளில் நிதியின் மதிப்பு கூடிவிடும் என்று எண்ணுவோர் உண்டு. அது சரியன்று.

அப்படியானால் பயன் எங்கே? வந்த ₹3 லட்சத்தை நிதி மேலாளர் என்ன செய்கிறார் என்பதில்தான் இருக்கிறது. ஈவுத்தொகையைத் தன்னுள்ளேயே சேர்த்துக்கொள்ளும் நிதியில், அவர் அந்தப் பணத்தில் ₹195 விலைக்கு 1,538 பங்குகளைப் புதிதாக வாங்குகிறார். (மீதி ₹90 ரொக்கத்தில் சேரும்.) இப்போது நிதியிடம் 1,01,538 பங்குகள். யூனிட்டுகளின் எண்ணிக்கை அதே 10 லட்சம். முன்பு ஒவ்வொரு யூனிட்டுக்குள்ளும் 0.1 பங்கு இருந்தது, இப்போது 0.1015 பங்கு இருக்கிறது. யூனிட்டின் எண்ணிக்கை பெருகவில்லை; ஒவ்வொரு யூனிட்டும் உள்ளே கனத்திருக்கிறது.

சில மாதங்களில் பங்கின் விலை மீண்டும் ₹198-க்கு வருகிறது என்போம். பங்குகளையும் ரொக்கத்தையும் சேர்த்து நிதியின் மதிப்பு ₹2,03,04,614. என்.ஏ.வி. ₹20.30-ஐச் சற்றுத் தாண்டியிருக்கும். ஈவுத்தொகையை முதலீட்டாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் நிதியிடம் 1,00,000 பங்குகளே இருந்திருக்கும், என்.ஏ.வி. ₹20-ஆகவே நின்றிருக்கும். வேறுபாடு என்ன? யூனிட்டுக்கு 30 பைசா ஈவுத்தொகை. அந்த 30 பைசா ஈட்டிய ஏறக்குறைய அரைப் பைசா. அந்த அரைப் பைசாதான் நாம் எட்டாம் வகுப்பில் கண்ட ₹197.12-இன் உடன்பிறப்பு. முதல் ஆண்டில் கண்ணுக்குத் தெரியாது. முப்பதாம் ஆண்டில் அதுவே பெருந்தொகை.

என்.ஏ.வி. உயர்வுக்கு ஈவுத்தொகை மட்டுமே காரணம் அன்று என்பதையும் சொல்ல வேண்டும். நிறுவனங்கள் பகிராமல் வைத்துக்கொள்ளும் இலாபம் தொழிலை வளர்த்து, காலப்போக்கில் பங்கு விலையை உயர்த்துகிறது. ஆக, சேர்ப்பு இரண்டு நிலைகளில் நடக்கிறது: நிறுவனம் தனக்குள் சேர்ப்பது ஒன்று, நிறுவனம் பகிர்ந்ததை நிதி தனக்குள் சேர்ப்பது மற்றொன்று. அதேபோல் பங்கு விலைகள் சரிந்தால் என்.ஏ.வி.யும் சரியும். ஈவுத்தொகையைச் சேர்த்துக்கொள்வது இழப்பைத் தடுக்கும் கவசம் அன்று.

படிவத்தில் உள்ள மூன்று தெரிவுகள்

இந்தியாவில் பல பரஸ்பர நிதித் திட்டங்களில் மூன்று தெரிவுகளைக் காணலாம்.

முதலாவது, வளர்ச்சித் தெரிவு (‘குரோத்’). இதில் முதலீட்டாளருக்கு இடையில் எதுவும் கொடுக்கப்படுவதில்லை. எல்லாம் என்.ஏ.வி.க்குள் சேர்கிறது.

இரண்டாவது, பணமாகப் பெறும் தெரிவு. நிதி அறிவிக்கும் தொகை நம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. என்.ஏ.வி. அந்த அளவுக்குக் குறைகிறது.

மூன்றாவது, மறுமுதலீட்டுத் தெரிவு. அறிவிக்கப்படும் தொகை பணமாக வராது. அதற்கு ஈடாகக் கூடுதல் யூனிட்டுகள் நம் கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன.

மூன்றையும் ஒரே எடுத்துக்காட்டில் பார்ப்போம். ₹20 என்.ஏ.வி.யில் ₹1,00,000 போட்டு 5,000 யூனிட் வாங்குகிறோம். என்.ஏ.வி. ₹24 ஆகிறது. மதிப்பு ₹1,20,000. இப்போது நிதி யூனிட்டுக்கு ₹2 பகிர்வதாக அறிவிக்கிறது.

• வளர்ச்சித் தெரிவு: 5,000 யூனிட் × ₹24 = ₹1,20,000.
• பணமாகப் பெறுவது: 5,000 யூனிட் × ₹22 = ₹1,10,000; கையில் ₹10,000. மொத்தம் ₹1,20,000.
• மறுமுதலீடு: ₹10,000-ஐ ₹22-ஆல் வகுத்தால் 454.545 புதிய யூனிட்டுகள். 5,454.545 யூனிட் × ₹22 = ₹1,20,000.

மூன்றும் சமம். “டிவிடெண்ட் பிளானில் போட்டால் கூடுதலாக வரும்” என்ற பேச்சு இந்த மூன்று வரிகளுக்கு முன் நிற்காது. ஆனால் மூன்றும் சமமாக இருப்பது வரி கணக்கில் வரும்வரைதான்.

வரி எங்கே கடிக்கிறது?

2020 ஏப்ரல் 1-க்கு முன்பு, ஈவுத்தொகைக்கான பகிர்வு வரியை நிறுவனமோ நிதியோ செலுத்தியது. அந்த முறை நீக்கப்பட்டபின், பெறுபவரே தம் மற்ற வருமானத்தோடு சேர்த்து, தமக்குரிய வருமான வரி அடுக்கின்படி செலுத்த வேண்டும். ஒரு நிதியாண்டில் ஒரு நிதி நிறுவனத்திடமிருந்து பெறும் தொகை வரம்பைத் தாண்டினால் 10 விழுக்காடு வரி முன்கூட்டியே பிடிக்கப்படும். இந்த வரம்பு ₹5,000-ஆக இருந்து, 2025 ஏப்ரல் முதல் ₹10,000 ஆனது. பிடித்தம் இல்லை என்பதற்காக வரி இல்லை என்று பொருளாகாது. கணக்கில் காட்டியே ஆக வேண்டும்.

20 விழுக்காடு அடுக்கில் உள்ள ஆசிரியர் ஒருவர் மேற்கண்ட ₹10,000-ஐப் பெற்றால் ₹2,000-மும் அதன் மேல் 4 விழுக்காடு செஸ்ஸும் வரியாகப் போகும். மறுமுதலீட்டுத் தெரிவில் இருப்பவருக்கு நிலைமை இன்னும் சங்கடம்: கையில் ஒரு ரூபாயும் வரவில்லை, ஆனால் வரி உண்டு. புதிய யூனிட் வாங்குவதாகக் கருதப்படுவதால் 0.005 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் பிடிக்கப்படும்.

வளர்ச்சித் தெரிவில் இருப்பவருக்கு, யூனிட்டை விற்கும்வரை வரி இல்லை. விற்கும்போதும் முழுத் தொகைக்கு வரி இல்லை. இலாபப் பகுதிக்கு மட்டுமே. பங்குசார் நிதிகளை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஓர் ஆண்டில் பங்குகளிலும் பங்குசார் நிதிகளிலும் கிடைக்கும் நீண்டகால இலாபத்தில் ₹1,25,000 வரை வரி இல்லை. அதற்கு மேற்பட்டதற்கு 12.5 விழுக்காடு. 12 மாதத்துக்குள் விற்றால் 20 விழுக்காடு. இவை 2024 ஜூலை 23 முதல் நடைமுறைக்கு வந்த விகிதங்கள். கடன்பத்திரம் சார்ந்த நிதிகளுக்கு இச்சலுகை இல்லை; 2023 ஏப்ரல் 1 முதல் அவற்றில் போட்ட பணத்தின் இலாபத்துக்கு அவரவர் வரி அடுக்கே பொருந்தும். இருந்தாலும், விற்கும்வரை வரி தள்ளிப்போகும் பயன் அங்கும் உண்டு.

இப்போது வளர்ச்சித் தெரிவில் உள்ளவருக்கும் அதே ₹10,000 தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு கடந்தபின் ₹24 விலையில் 416.667 யூனிட்டை விற்கிறார். அவை ₹20 வீதம் வாங்கியவை, அடக்கவிலை ₹8,333. இலாபம் ₹1,667 மட்டுமே. அவருக்கு வேறு பெரிய இலாபம் இல்லையெனில் வரி எதுவும் இல்லை. ஒரே திட்டம், ஒரே நாள், ஒரே ₹10,000. ஒருவர் ₹2,080 வரி செலுத்துகிறார். மற்றவர் எதுவும் செலுத்தவில்லை.

நிதிக்குள் சேர்வதில் இன்னொரு நன்மையும் அடங்கியுள்ளது. நாம் நேரடியாகப் பங்கு வாங்கி ஈவுத்தொகை பெற்றால், அந்த ஆண்டே வரி செலுத்திய மிச்சத்தைத்தான் மறுபடி முதலீடு செய்ய முடியும். பதிவுபெற்ற பரஸ்பர நிதியின் வருமானத்துக்கு நிதி அளவில் வருமான வரி இல்லை. எனவே, நிறுவனங்கள் தரும் ஈவுத்தொகை முழுவதும் நிதிக்குள் வந்து, முழுவதும் மறுபடி பங்காக மாறுகிறது.

பெயர் ஏன் மாறியது?

முன்பு ‘டிவிடெண்ட்’ என்று அழைக்கப்பட்ட தெரிவு இன்று ‘ஐ.டி.சி.டபிள்யூ.’ என்ற நான்கு எழுத்துகளில் இருக்கிறது. இதன் விரிவைத் தமிழில் சொன்னால், ‘வருமானப் பகிர்வும் மூலதனத்தைத் திரும்ப எடுத்தலும்’. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, 2020 அக்டோபரில் ஆணையிட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் இப்பெயரைக் கட்டாயமாக்கியது.

காரணம் எளியது. ஒருவர் ₹24 கொடுத்து யூனிட் வாங்குகிறார். அதில் முந்தைய ஆண்டுகளில் நிதி ஈட்டிய இலாபத்தின் பங்கும் அடங்கியிருக்கும். அந்தப் பகுதி ஒரு சமன்செய் இருப்பில் வைக்கப்பட்டு, பகிர்வுக்குப் பயன்படலாம். அடுத்த வாரமே நிதி ₹2 பகிர்ந்தால், அவர் கைக்கு வருவது நிதி அவருக்காக ஈட்டியது அன்று. அவர் கொடுத்த ₹24-இல் இருந்து ₹2 திரும்பி வருகிறது. அதற்கு வரியும் கட்டுகிறார். ‘டிவிடெண்ட்’ என்ற பழைய பெயர், நிறுவனம் தரும் இலாபப் பங்கைப் போன்ற ஒன்று என்ற எண்ணத்தைத் தந்தது. புதிய பெயர் உண்மையைச் சொல்கிறது: இதில் உங்கள் மூலதனமும் இருக்கலாம்.

“டிவிடெண்ட் வரப்போகிறது, இந்த வாரத்துக்குள் போட்டுவிடுங்கள்” என்ற அவசர அழைப்பை மதிப்பிட இந்த ஒரு பத்தி போதும்.

ஒழுங்காக வந்த ஈவுத்தொகை தந்த பாடம்

ஆண்டு தவறாமல் ஈவுத்தொகை வருவதே ஒரு நிதி நலமாக இருப்பதற்குச் சான்று என்று நம்முடைய முந்தைய தலைமுறை நம்பியது. அந்த நம்பிக்கைக்குப் பெயர் ‘யூனிட் 64’. நாடாளுமன்றச் சட்டத்தின் வழி உருவான இந்திய யூனிட் டிரஸ்ட் 1964-இல் தொடங்கிய முதல் திட்டம் அது. சம்பளக்காரர்களும் ஓய்வுபெற்றோரும் அரசின் உறுதிமொழியாகவே கருதி அதில் பணம் போட்டார்கள். ஆண்டுதோறும் ஈவுத்தொகை வந்தது. யூனிட்டை வாங்கும், விற்கும் விலையை டிரஸ்டே நிர்ணயித்தது; உள்ளே இருந்த பங்குகளின் உண்மை மதிப்போடு அந்த விலை இணைக்கப்படவில்லை.

1990-களின் பிற்பகுதியில் உள்ளே இருந்த சொத்தின் மதிப்பு, வெளியே சொல்லப்பட்ட விலையைவிடக் குறைந்துபோனது. 2001 ஜூலையில் யூனிட்டுகளை விற்பதும் திரும்பப் பெறுவதும் ஆறு மாதங்களுக்கு நிறுத்தப்பட்டன. பணம் கேட்டவருக்குப் பணம் இல்லை என்ற நிலை. அரசு தலையிட்டது, விலை நிகர சொத்து மதிப்போடு இணைக்கப்பட்டது, 2003-இல் டிரஸ்ட் இரண்டாகப் பிரிக்கப்பட்டது.

விதைநெல்லை எடுத்துக் குத்திச் சோறு பொங்கினாலும் அன்றைக்கு வயிறு நிறையத்தான் செய்யும். வருகிற சோறு விளைச்சலில் இருந்தா, விதையில் இருந்தா என்று அறிய, குதிரைத் திறந்து பார்க்க வேண்டும். பரஸ்பர நிதியில் குதிருக்குள் பார்க்கும் துளைதான் என்.ஏ.வி. அதைப் பார்க்காமல், வரும் தொகையை மட்டும் பார்த்து நிதியை மதிப்பிடக் கூடாது.

இருபது ஆண்டுக் கணக்கு

ஆண்டு வளர்ச்சி 10 விழுக்காடு என்றும், அதில் 2 விழுக்காடு ஈவுத்தொகையாக வருகிறது என்றும் கொள்வோம். இது கணக்குக்காக எடுத்த எண். யாரும் தரும் உறுதி அன்று. இந்தியப் பெருநிறுவனக் குறியீட்டெண்ணில் ஈவுத்தொகை வீதம் அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 1 முதல் 1.5 விழுக்காடுதான்.

இரண்டு ஆசிரியர்கள் ஆளுக்கு ₹1,00,000 போடுகிறார்கள். முதலாமவர் எல்லாவற்றையும் உள்ளேயே விடுகிறார். 20 ஆண்டுகளில் அவருடைய தொகை ₹6,72,750. இரண்டாமவர் ஒவ்வோர் ஆண்டும் அந்த 2 விழுக்காட்டை எடுத்துச் செலவழிக்கிறார். அவர் பணம் 8 விழுக்காட்டில் வளர்ந்து ₹4,66,096 ஆகிறது. குறைவு ₹2,06,654.

அவர் 20 ஆண்டுகளில் எடுத்துச் செலவழித்தது எவ்வளவு? முதல் ஆண்டு ₹2,000, அடுத்த ஆண்டு ₹2,160 என்று கூடிக்கொண்டே போய் மொத்தம் ₹91,524. ஆனால் இழந்தது அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். இடையில் உள்ள ₹1,15,130, அந்த ஈவுத்தொகைகள் உள்ளேயே இருந்திருந்தால் ஈட்டியிருக்கக்கூடிய தொகை. வரியை இதில் சேர்க்கவே இல்லை.

பொது வருங்கால வைப்பு நிதியின் ஆண்டுக் கணக்குத் தாளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. அங்கே வட்டி ஆண்டுதோறும் இருப்போடு சேர்கிறது. அடுத்த ஆண்டு அந்த வட்டிக்கும் வட்டி. வளர்ச்சித் தெரிவு அதே கொள்கையில் இயங்குகிறது. பெரிய வேறுபாடு ஒன்று: அங்கே வட்டி வீதம் அறிவிக்கப்படுகிறது, இங்கே வளர்ச்சி சந்தையைப் பொறுத்தது.

உலகில் எப்படி?

அயர்லாந்து, லக்சம்பர்க் நாடுகளில் பதிவாகி ஐரோப்பா முழுவதும் விற்கப்படும் நிதிகளில் ஒரே திட்டத்துக்கு ‘சேர்க்கும் வகை’, ‘பகிரும் வகை’ என இரண்டு வகை யூனிட்டுகள் இருப்பது வழக்கம். சேர்க்கும் வகை நம் வளர்ச்சித் தெரிவுக்கு இணையானது. ஆனால் வரி விதிகள் வேறு. பிரிட்டனில், சேர்க்கும் வகையில் கைக்குப் பணம் வராவிட்டாலும், உள்ளே சேர்ந்த ஈவுத்தொகை அந்த ஆண்டின் வருமானமாகவே கருதப்படுகிறது. அமெரிக்காவில் நிதிகள் தம் வருமானத்தில் பெரும்பகுதியைப் பகிர்ந்தால்தான் நிறுவன வரியிலிருந்து தப்ப முடியும். எனவே அங்குள்ளவர்கள் பெற்ற தொகைக்கு வரி கட்டிவிட்டுத் தாமே மறுமுதலீடு செய்துகொள்கிறார்கள். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து முதலீடு கற்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

குறியீட்டெண்களிலும் இதே இரட்டை உண்டு. செய்திகளில் நாம் கேட்கும் நிஃப்டி 50 விலைகளை மட்டும் கணக்கிடுவது. ஈவுத்தொகையையும் மறுமுதலீடு செய்ததாகக் கொண்டு கணக்கிடும் ‘மொத்த வருவாய்க் குறியீட்டெண்’ தனியாக உள்ளது. ஜெர்மனியின் டாக்ஸ் குறியீட்டெண்ணோ, வழக்கமாகச் சொல்லப்படும் வடிவிலேயே ஈவுத்தொகையைச் சேர்த்தது. ஈவுத்தொகையைச் சேர்த்துக்கொள்ளும் நிதியை, அதைச் சேர்க்காத குறியீட்டெண்ணோடு ஒப்பிட்டால் நிதி எப்போதும் கெட்டிக்காரனாகத் தோன்றும். இதனால்தான் 2018 பிப்ரவரி முதல் நிதிகள் தம் செயல்பாட்டை மொத்த வருவாய்க் குறியீட்டெண்ணோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று செபி விதித்தது.

சில ஐயங்கள்

*என்.ஏ.வி. ₹800 உள்ள நிதி விலை அதிகம், ₹10-க்கு வரும் புதிய நிதி மலிவு – சரியா?* சரியன்று. வளர்ச்சித் தெரிவில் பல ஆண்டு இலாபம் உள்ளேயே சேர்ந்திருப்பதால் என்.ஏ.வி. பெரிய எண்ணாக நிற்கிறது. இரண்டும் 10 விழுக்காடு வளர்ந்தால் ₹10,000 இரண்டிலும் ₹11,000-தான் ஆகும். பார்க்க வேண்டியது விழுக்காட்டை, எண்ணை அன்று.

*ஓய்வுக்குப் பின் மாதவருமானம் வேண்டுமே?* பகிர்வுத் தெரிவில் எவ்வளவு வரும், எப்போது வரும் என்பதை நிதி நிறுவனமே முடிவு செய்கிறது, நிறுத்தவும் கூடும். அதற்கு மாற்றாக, வளர்ச்சித் தெரிவில் வைத்துக்கொண்டு மாதந்தோறும் குறிப்பிட்ட தொகைக்கு யூனிட்டுகளை விற்கும் ஏற்பாடு உண்டு. எஸ்.டபிள்யூ.பி. என்பது அதன் பெயர். தொகையை நாமே தீர்மானிக்கலாம். இலாபப் பகுதிக்கு மட்டுமே வரி. ஆனால் வளர்ச்சியைவிட அதிகமாக எடுத்தால் மூலதனம் கரையும். சந்தை சரிந்திருக்கும் ஆண்டுகளில் கரைவது இன்னும் வேகம். ஓரிரு ஆண்டுச் செலவுக்கான பணத்தைப் பங்குசார் நிதியில் வைக்காமல் இருப்பது நல்லது.

*பழைய பகிர்வுத் தெரிவில் இருக்கிறேன், மாறலாமா?* மாறலாம். ஆனால், மாறுவது சட்டப்படி விற்று வாங்குவதற்குச் சமம். வெளியேறும் கட்டணமும் இலாபத்துக்கான வரியும் வரக்கூடும். ஓராண்டு கடந்ததா, ஆண்டு இலாபம் ₹1,25,000-க்குள் அடங்குமா என்று பார்த்து, தேவைப்பட்டால் இரண்டு நிதியாண்டுகளில் பிரித்து மாற்றலாம். தொடர்ந்து போகும் மாதத் தவணையையும் மறக்காமல் வளர்ச்சித் தெரிவுக்கு மாற்ற வேண்டும்.

*என் கணக்கு எந்தத் தெரிவில் உள்ளது என்று எப்படி அறிவது?* கணக்கு அறிக்கையில் திட்டப் பெயரின் இறுதியில் ‘குரோத்’ அல்லது ‘ஐ.டி.சி.டபிள்யூ.’ என்று இருக்கும். அதே வரியில் ‘டைரக்ட்’ அல்லது ‘ரெகுலர்’ என்றும் இருக்கும். ரெகுலரில் முகவருக்கான கழிவு நிதியின் செலவில் சேர்ந்து, என்.ஏ.வி.யிலிருந்து நாள்தோறும் கழிகிறது. கூட்டு வட்டி நமக்காக வேலை செய்வதைப் போலவே, செலவும் கூட்டு வட்டியில் வேலை செய்யும் என்பதை நினைவில் கொள்ளலாம்.

வகுப்பறைக்கு ஒரு செயல்பாடு

எட்டாம் வகுப்பிலும், பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதத்தின் ‘நிதியியல் கணிதம்’ பகுதியிலும் இதைச் செயல்பாடாக நடத்தலாம். வகுப்பை இரு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் 100 புளியங்கொட்டைகள் கொடுங்கள். ஒவ்வொரு சுற்றும் ஓர் ஆண்டு. முதல் குழு ஒவ்வொரு சுற்றிலும் 10-க்கு ஒன்று வீதம் பெற்று, அதே குவியலில் சேர்க்கட்டும்; முழுப் பத்தாக அமையாத மீதிக்கு எதுவும் கிடையாது. இரண்டாம் குழு அதே வீதத்தில் பெற்று, தனிக்கிண்ணத்தில் போடட்டும். பத்துச் சுற்றுகளுக்குப் பின் இரண்டாம் குழுவிடம் குவியலில் 100, கிண்ணத்தில் 100. முதல் குழுவிடம் எவ்வளவு என்பதை எண்ணிப் பார்க்கும் முன் ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு எண்ணச் சொல்லுங்கள். அடுத்து, 20 சுற்றுகளுக்குச் சூத்திரத்தால் கணக்கிடச் சொல்லுங்கள். முழு எண் கணக்குக்கும் சூத்திரத்துக்கும் ஏன் சிறு வேறுபாடு வருகிறது என்ற கேள்வியை அவர்களே எழுப்பினால் பாடம் வெற்றி.

உயர் வகுப்புக்கு ஒரு கேள்வி கூடுதலாக: முதல் குழு ஐந்தாம் சுற்றிலிருந்து சேர்ப்பதை நிறுத்திக் கிண்ணத்துக்கு மாறினால் இறுதியில் என்ன இருக்கும்? விடையைக் கணக்கிடும் மாணவர், நாளை தம் வீட்டுக்கு வரும் விண்ணப்பப் படிவத்தில் அந்தச் சிறிய கட்டத்தைத் தேடிப் படிப்பார்; பெற்றோருக்கும் படித்துக் காட்டுவார்.